தயிர், உப்பளம், வெண்டைச் செடி: கிருமியைப் பார்க்க மூன்று வழி

தூத்துக்குடி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 31 வருஷம் ஆய்வக உதவியாளராக இருந்தேன். ஸ்லைடு கழுவுவது, சாயப் பாட்டிலில் லேபிள் ஒட்டுவது, பிராக்டிகல் பரீட்சை அன்றைக்கு வெளியூரிலிருந்து வரும் தேர்வாளருக்கு டீ வாங்கி வருவது எல்லாம் என் தலையில்தான். ஓய்வு பெற்ற பிறகும் தெருப் பிள்ளைகள் விடுவதாக இல்லை. லீவு விட்டால் யாராவது ஒருவன் வாசலில் வந்து நிற்பான். "தாத்தா, கிருமி காட்டுங்க."

"எந்தக் கிருமிடே?" என்று கேட்டால் முழிப்பான். முழிக்கத்தான் செய்வான். தயிரை உறைய வைப்பதும் கிருமி, உப்பளத்துத் தண்ணீரைச் சிவப்பாக்குவதும் கிருமி, ஜலதோஷமும் கிருமி என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம். சாக்கை அவிழ்த்தால் உள்ளே மூன்று தனித்தனிச் சரக்கு இருக்கிறது: பாக்டீரியா, ஆர்க்கியா, வைரஸ். ஒன்றைப் பார்க்கச் சாயம் வேண்டும். இன்னொன்றுக்கு உப்பு வேண்டும். மூன்றாவதைப் பார்க்கவே முடியாது, அது செய்துவிட்டுப் போன காரியத்தைத்தான் பார்க்கலாம். மூன்றையும் நான் பிள்ளைகளுக்குக் காட்டுகிற முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவு மனதில் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். தயிரில் இருக்கும் உருண்டை பாக்டீரியா ஒரு மீட்டர் ஆகிவிடும், தண்ணீர் டிரம் அளவு. உங்கள் ரத்தச் சிவப்பணு ஏழெட்டு மீட்டர், ஒரு பெரிய ஹால். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மீட்டர், அது ஒரு தெரு. கொரோனா வைரஸ் 10 சென்டிமீட்டர், கைக்கு அடங்கும் ஆரஞ்சு. வெண்டைச் செடியை மஞ்சளாக்கும் வைரஸ், ஒட்டிப் பிறந்த இரண்டு நெல்லிக்காய். இந்தக் கணக்கில், பள்ளி மைக்ராஸ்கோப் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் 20 சென்டிமீட்டருக்குக் கீழே எதையும் பிரித்துக் காட்டாது. அது லென்ஸின் குறை அல்ல, வெளிச்சத்தின் அலைநீளம் வைத்த எல்லை. டிரம் தெரியும், ஆரஞ்சு தெரியாது.

சாமான்கள்

எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 எக்ஸ் லென்ஸ் உள்ள மைக்ராஸ்கோப் வேண்டும். கண் பக்கம் 10 எக்ஸ் இருந்தால் ஆயிரம் மடங்கு. பெரும்பாலான மேல்நிலைப் பள்ளிகளில் ஒன்றாவது இருக்கும், பீரோவுக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். கேட்டு வாங்குங்கள். மடக்குக் காகிதத்தில் செய்த ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்குதான். குளத்துத் தண்ணீருக்கு அருமையான கருவி, பாக்டீரியாவுக்குக் காணாது.

கிரிஸ்டல் வயலெட் சாயம் லேபில் இல்லாவிட்டால் பரவாயில்லை. வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்து, மெடிக்கலில் ஜென்ஷியன் வயலெட் என்று கேட்டால் தருவார்கள், அதே சாயம்தான். அயோடின் கரைசலை நானே செய்வேன்: பொட்டாசியம் அயோடைடு 2 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அதில் அயோடின் 1 கிராம் போட்டுக் கரைந்ததும் 300 மில்லி ஆக்கிவிடுவது. வரிசையை மாற்றி அயோடினை நேராகத் தண்ணீரில் போட்டால் அடியில் கரும்பொடியாக உட்கார்ந்துகொண்டு உங்களையே பார்க்கும். சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தைத் தேடி அலைய வேண்டாம், தண்டு வேர் செக்‌ஷனுக்கு என்று தாவரவியல் பக்கத்து அலமாரியில் இருக்கும். நிறம் போக்க 95 சதவீத ஸ்பிரிட். பிறகு ஸ்பிரிட் விளக்கு, துணி காயப்போடும் கிளிப், பல்குச்சி, லென்ஸுக்கு விடும் இமர்ஷன் ஆயில். அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காய்ச்சல்காரரின் சளி, சாக்கடைத் தண்ணீர், கழிவறைக் கைப்பிடி என்று துணிச்சலாக எதையும் எடுத்து ஜெல்லித் தட்டில் வளர்க்காதீர்கள். ஒன்றாக இருந்தது கோடியாகப் பெருகும். எது பெருகியிருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தயிரும் உங்கள் சொந்தப் பல்லும் போதும்.

தயிரும் பல்லும் ஒரே ஸ்லைடில்

தயிரைத் தனியாகச் சாயமேற்றாதீர்கள், இதுதான் என் முதல் பாடம். ஸ்லைடின் இடது பக்கம் தயிர், வலது பக்கம் பல் அழுக்கு. காரணம் பின்னால் வருகிறது.

தயிர் புதிதாக இருக்க வேண்டும், நேற்று ராத்திரி உறை ஊற்றி இன்று காலை எடுத்தது. கட்டியை விட்டுவிட்டு ஓரத்தில் தெளிந்து நிற்கும் நீரைப் பல்குச்சி முனையால் தொடுங்கள். அதை ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு கலந்து, ஐம்பது பைசா அளவுக்குப் பரப்புங்கள். பிள்ளைகள் எல்லோரும் இங்கேதான் கெடுப்பார்கள். "நிறைய வச்சா நிறையத் தெரியும்" என்று ஒரு கரண்டி தயிரைப் பூசுவார்கள். பாலின் புரதமும் கொழுப்பும் சாயத்தைக் குடித்து ஊதாச் சேறாகிவிடும், அதற்குள் எதுவும் தெரியாது. பூசிய இடத்தின் வழியே செய்தித்தாள் எழுத்தைப் படிக்க முடிந்தால் அளவு சரி.

இன்னொரு பல்குச்சியால் கடைவாய்ப் பல்லும் ஈறும் சேரும் இடத்தைச் சுரண்டி, வலது பக்கம் அதேபோலப் பரப்புங்கள். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் எடுத்தால் சரக்கு அதிகம். ஹாலந்தில் டெல்ஃப்ட் ஊரில் துணி வியாபாரம் செய்த லீவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த லென்ஸில் 1683-இல் இதைத்தான் பார்த்தார். தன் பல் அழுக்கைப் பார்த்தது போதாதென்று, வாழ்நாளில் பல்லே விளக்காத ஒரு கிழவரையும் பிடித்து அவர் வாயிலிருந்தும் எடுத்தார். அதில் ஓடிய கூட்டத்தைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார்.

காற்றில் காயவிடுங்கள். அவசரத்துக்கு ஊதக்கூடாது. காய்ந்ததும் ஸ்லைடைக் கிளிப்பில் பிடித்து, பூசிய பக்கம் மேலே இருக்க, விளக்குச் சுடரில் மூன்று முறை சட்சட்டென்று காட்டி எடுங்கள். அடிப்பக்கத்தைப் புறங்கையில் வைத்தால் சூடு தெரிய வேண்டும், கை சுடக்கூடாது. இப்போது பாக்டீரியா கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது.

ஊதாச் சாயம் ஒரு நிமிஷம். மெல்லிய தண்ணீரில் கழுவல். அயோடின் ஒரு நிமிஷம். மறுபடி கழுவல். இப்போது எந்தப் பாக்டீரியாவாக இருந்தாலும் ஊதாவாகத்தான் இருக்கும். அயோடின் உள்ளே போய்ச் சாயத்தோடு சேர்ந்து பெரிய கட்டியாகிவிடுகிறது, எளிதில் வெளியே வராது.

அடுத்து ஸ்பிரிட். மொத்த விஷயமும் இந்தப் பத்துப் பதினைந்து வினாடியில் இருக்கிறது. ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கீழே வழிவது ஊதாவாக ஓடும், மெல்ல வெளிறும், நிறமில்லாமல் விழுந்த அந்த நொடி தண்ணீர் ஊற்றி நிறுத்திவிட வேண்டும். குழம்பு தாளிக்கும்போது கடுகு வெடித்ததும் அடுப்பைக் குறைப்பது போல, கண் அங்கேயே இருக்க வேண்டும். கடைசியாக சாஃப்ரனின் ஒரு நிமிஷம், கழுவி, ஒற்றுத்தாளில் ஒற்றிக் காயவையுங்கள்.

எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மேடைக்குக் கீழே இருக்கும் கண்டென்சர் லென்ஸை மேலே ஏற்றி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டயாஃப்ரத்தை நன்றாகத் திறந்து பாருங்கள். இடது பக்கம் ஊதாக் குச்சிகளும் ஊதா மணிமாலைகளும். குச்சி லாக்டோபேசில்லஸ். மணி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அல்லது அதன் பங்காளி லாக்டோகாக்கஸ். வலது பக்கம் சந்தை. ஊதா உருண்டை, இளஞ்சிவப்புக் குச்சி, நூல் போல நீண்டவை, இவற்றுக்கு நடுவே கன்னத்து உட்தோல் செல் ஒன்று பாய் விரித்தது மாதிரிக் கிடக்கும். அதன் மேல் நடுவில் இருக்கும் உட்கருவைப் பாருங்கள். பாக்டீரியா எதிலும் அப்படி ஒன்று கிடையாது. அதன் டி.என்.ஏ. உறையில்லாமல் செல்லுக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது.

ஊதா நின்றது கிராம் பாசிட்டிவ், சிவப்பானது கிராம் நெகட்டிவ். "எத்தனை கிராம் சார்?" என்று வருஷத்துக்கு ஒருவனாவது கேட்பான். எடைக் கிராம் இல்லை, ஆள் பெயர். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் டாக்டர், பெர்லினில் நிமோனியாவில் செத்தவர்களின் நுரையீரலைச் சாயமேற்றிக்கொண்டிருந்தபோது 1884-இல் கண்டுபிடித்து வெளியிட்டது. தன் முறையில் குறை உண்டு என்று அவரே எழுதினார். இன்றைக்கும் உலகத்தில் எந்த மருத்துவமனை லேபும் அதை விடவில்லை.

வித்தியாசம் சுவரில் இருக்கிறது. பாக்டீரியாவின் சுவர் பெப்டிடோகிளைகன் என்ற வலை. கிராம் பாசிட்டிவில் அது பல அடுக்குக் கட்டு, கோணிச்சாக்கு மாதிரி. ஸ்பிரிட் பட்டதும் இறுகிச் சாயத்தை உள்ளே பிடித்துக்கொள்ளும். கிராம் நெகட்டிவில் வலை மெலிசு, அதற்கு வெளியே கொழுப்பாலான இன்னொரு சவ்வு. ஸ்பிரிட் அந்தக் கொழுப்பைக் கரைத்துவிட, சாயம் ஓடிவிடும்.

இரண்டையும் ஒரே ஸ்லைடில் வைக்கச் சொன்ன காரணம் இப்போது புரியும். தயிர் கிட்டத்தட்ட முழுக்க ஊதாவாகத்தான் வர வேண்டும். அது சிவப்பாக வந்தால் நீங்கள் ஸ்பிரிட்டை அதிகம் விட்டுவிட்டீர்கள், அல்லது தயிர் நாலு நாள் பழசு. கிழடு தட்டிய செல்லின் சுவர் நொய்ந்து சாயத்தை விட்டுவிடும். பல் பக்கம் எல்லாமே ஊதாவாக இருந்தால் ஸ்பிரிட் போதவில்லை. உங்கள் கைத்தவறை ஸ்லைடே சொல்லிவிடும்.

பல் அழுக்கைச் சாயமில்லாமல் ஒரு சொட்டு எச்சிலில் கலந்து, கவர் ஸ்லிப் போட்டு, டயாஃப்ரத்தைச் சுருக்கியும் பாருங்கள். நகர்வது தெரியும். ஆனால் எல்லா அசைவும் நீச்சல் ஆகாது. இருந்த இடத்திலேயே நடுங்குவது தண்ணீர் மூலக்கூறுகள் இடிக்கும் இடி, தூசியும் அப்படித்தான் நடுங்கும். பக்கத்தில் இருப்பவரை விட்டுவிட்டு ஒருவர் மட்டும் கோடு போட்டது போல் ஓடினால் அதுதான் நீச்சல். தயிர்க்காரர்கள் நீந்தத் தெரியாதவர்கள்.

முடிந்ததும் ஸ்லைடுகளை பிளீச்சிங் கரைசலில் அரைமணி நேரம் போட்டுவிட்டுக் கழுவுங்கள்.

சிவப்புத் தண்ணீர்

எங்கள் ஊருக்கு இந்தப் பகுதி சொந்தப் பகுதி. மார்ச்சுக்கு மேல் உப்பளத்துப் பக்கம் போனால், உப்பு இறங்கும் பாத்திகளில் தண்ணீர் ரோஸ் நிறத்திலிருந்து செங்கல் நிறம் வரை நிற்கும். கடல் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வற்றவைத்து, உப்பின் அடர்த்தி காட்டும் மானியில் 25 டிகிரி தாண்டினால் உப்பு கட்ட ஆரம்பிக்கும். உப்பு வாருகிற ஒரு அக்காவிடம் முதல் தடவை பாட்டில் நீட்டியபோது, "செவந்த தண்ணியா வேணும்? அது மருந்தா அண்ணாச்சி?" என்று கேட்டார். லேபுக்கு என்றேன். "செவந்துட்டா ரெண்டு நாள்ல உப்பு விழும், அதான் எங்களுக்குத் தெரியும்" என்று மொண்டு கொடுத்தார்.

அந்தத் தண்ணீரை வைத்து நான் அடித்த கூத்தைச் சொல்கிறேன். தயிருக்குச் செய்தது போலவே பூசி, காயவைத்து, சுடரில் காட்டி, சாயம் விட்டுக் குழாயில் கழுவினேன். உப்புக் கட்டிகள் கரைந்து போயின. மிச்சம் ஒன்றுமில்லை. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் வெறும் கண்ணாடி. தண்ணீரில் உயிரே இல்லை, ஏதோ இரும்புத் துரு என்று முடிவுகட்டிப் பாட்டிலை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டேன். பல மாதம் கழித்து, ஆய்வகம் பார்க்க வந்த ஒரு கல்லூரிப் பேராசிரியர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கழுவுனீங்கள்ல, அப்பவே வெடிச்சிருக்கும்" என்றார்.

ஹாலோபாக்டீரியம் என்ற உயிரும் அதன் சொந்தக்காரர்களும் அந்தத் தண்ணீரில் இருக்கின்றன. பெயரில் பாக்டீரியம் இருக்கிறதே தவிர, அது பாக்டீரியா கிடையாது, ஆர்க்கியா. அதன் சுவரில் பெப்டிடோகிளைகன் இல்லை. புரதத் துண்டுகளை ஓடு வேய்ந்தது போல் அடுக்கிய மேல்தோல்தான் உண்டு. அந்த ஓடுகளைப் பிடித்து நிறுத்துவதே வெளியில் இருக்கும் உப்பு. உள்ளேயும் பொட்டாசியம் உப்பை அள்ளி நிரப்பி வைத்திருக்கும். நல்ல தண்ணீர் பட்டால் ஓடு கலையும், தண்ணீர் உள்ளே பாயும், செல் பட்டென்று போய்விடும். நமக்கு விஷமான உப்பு அதற்கு எலும்புக்கூடு.

ஆகவே, பார்க்கும் முறை இது. சிவப்புத் தண்ணீர் ஒரு சொட்டு, மேலே கவர் ஸ்லிப், வேறு எதுவும் வேண்டாம். 40 எக்ஸ் லென்ஸ், டயாஃப்ரம் நன்றாகச் சுருக்கியது. மங்கலான குச்சிகள் தெரியும், சில நகரும். பச்சையும் ஆரஞ்சுமாக, அவற்றைவிடப் பல மடங்கு பெரிதாக, பேரிக்காய் வடிவில் இரண்டு வாலோடு ஓடுவது டுனாலியெல்லா என்ற பாசி. அதற்கு உட்கரு உண்டு, அது நம்ம வகையறா. அதை விட்டுவிடுங்கள். இப்போது கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒற்றுத்தாளை வைத்து உறிஞ்சிக்கொண்டே, எதிர் ஓரத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு சொட்டு விடுங்கள். கண்ணை எடுக்காதீர்கள். தண்ணீர் வந்து சேரும் முனையில் குச்சிகள் உருண்டையாகும், அப்புறம் காணாமல் போகும். ஒரு பிள்ளை கண்ணை எடுக்காமலே "தாத்தா, அழிச்சு ரப்பர் போட்ட மாதிரி இருக்கு" என்றாள். எத்தனையோ வருஷம் பார்த்தும் எனக்கு அந்த உவமை வரவில்லை.

சாயமேற்றியே ஆக வேண்டும் என்றால் அந்தப் பேராசிரியர் சொன்ன வழி: பூசிக் காற்றில் காய்ந்ததும், சுடர் காட்டாமல், 2 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள். 4 சதவீத சமையல் வினிகரில் சம அளவு தண்ணீர் சேர்த்தால் அதுதான். அமிலம் செல்லை உறையவும் வைக்கும், உப்பையும் கரைத்து எடுத்துக்கொள்ளும். வடித்துக் காயவைத்துவிட்டு ஊதாச் சாயம் மூன்று நிமிஷம்.

இந்தக் கூட்டத்தில் சதுரமான உயிர் ஒன்றும் உண்டு, ஹாலோகுவாட்ராட்டம். வால்ஸ்பி என்பவர் சினாய்ப் பாலைவனத்து உப்புக் குட்டையில் பார்த்து 1980-இல் எழுதினார். தபால்தலை போல, தட்டையாக. அதைத் தேடப் போனால் ஒரு தொல்லை: உப்புப் பரலும் சதுரம்தான்! நான் பல நாள் உப்பைப் பார்த்து உயிர் என்று நோட்டில் படம் வரைந்திருக்கிறேன். உப்பு கனமாக, விளிம்பில் பளீரென்று மின்னும். உயிர் கண்ணாடித்தாள் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெலிசு, உள்ளே காற்றுப் பொட்டணங்கள் சின்னப் புள்ளிகளாக மின்னும்.

உப்பளம் இல்லாத ஊர்க்காரர்கள் கல் உப்பிலிருந்தே இதை வளர்க்கலாம். பரலுக்குள் சிறைப்பட்ட நீர்த்துளியில் இவை உயிரோடு தூங்கும். 100 மில்லி தண்ணீருக்குச் சுத்திகரிக்காத கல் உப்பு 25 கிராம், பேதி உப்பு என்கிற எப்சம் உப்பு 2 கிராம், பொட்டாசியம் குளோரைடு ஒரு சிட்டிகை, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் அரை கிராம். லேபில் கிருமிக்குத் தீனியாகப் போடும் பெப்டோன் என்ற புரதப் பொடி வேண்டாம், சில பெப்டோனில் பித்த உப்பு கலந்திருக்கும், அது இந்த உயிரைக் கரைத்துவிடும். கலவையைக் கொதிக்க வைத்தால் விதையையே வேகவைத்த கதைதான். அகலமான பாட்டிலில் பாதி ஊற்றி, வாயைப் பஞ்சால் அடைத்து, மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். வாரக்கணக்கில் ஆகும். முதலில் கலங்கும், பிறகு ரோஸ். வராமலும் போகலாம், அப்படியானால் வேறு கடை உப்பு. கருவாட்டில் சில சமயம் சிவப்புத் திட்டு படர்ந்து நாற்றம் மாறுமே, அதுவும் இதே கூட்டம் உப்போடு வந்து செய்த வேலைதான்.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு "இது ஆர்க்கியா, அது பாக்டீரியா" என்று அடித்துச் சொல்ல முடியாது. அதே சிவப்புத் தண்ணீரில் சாலினிபாக்டர் என்ற அசல் பாக்டீரியாவும் அதே சிவப்பில் கலந்து இருக்கும். 1977 வரை உலகமே இரண்டையும் ஒன்றாகத்தான் எண்ணியது. அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வை வெட்டி, துண்டுகளை எக்ஸ்ரே ஃபிலிமில் புள்ளிகளாகப் பதிந்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மீத்தேன் உண்டாக்கும் சில உயிர்களின் புள்ளிகள் பாக்டீரியாவோடும் பொருந்தவில்லை, நம்மோடும் பொருந்தவில்லை. தோற்றத்தில் ஒன்றாக இருந்தவர்கள் வம்சத்தில் வேறு. சவ்வின் கொழுப்புகூட வேறு ஒட்டில் ஒட்டியது. நம் பாடப்புத்தகங்களில் ஆர்க்கிபாக்டீரியா என்று நெடுநாள் இருந்த பெயர் அந்தக் காலத்து மிச்சம்.

மீத்தேன்காரர்களை வீட்டில் காட்டுவது கஷ்டம். காற்று பட்டால் செத்துவிடுவார்கள். மாட்டின் முதல் வயிற்றிலும், சாண எரிவாயுக் கலத்திலும், உங்களில் பலர் குடலிலும் இருக்கிறார்கள். சாணத்தைப் பாட்டிலில் அடைத்து பலூன் மாட்டும் பரிசோதனையைச் செய்யலாம், ஆனால் முதல் வாரத்தில் பலூன் உப்புவது பெரும்பாலும் கரியமில வாயு, பாக்டீரியாவின் வேலை. அதைக் கொளுத்திப் பார்க்கிறேன் என்று இறங்காதீர்கள். யார் வீட்டிலாவது சாண எரிவாயு அடுப்பு இருந்தால் போய் அந்த நீலச் சுடரைப் பாருங்கள், அது போதும்.

பார்க்க முடியாததைப் பார்ப்பது

உங்கள் வீட்டில் எவர்சில்வர் வாட்டர் ஃபில்டர் இருந்தால் மூடியைத் திறந்து, உள்ளே நிற்கும் வெள்ளைக் கேண்டிலைக் கையில் எடுங்கள். வழவழப்பில்லாத சுட்ட மண். அதன் மூதாதையை 1884-இல் பாரிஸில் பாஸ்டரின் ஆய்வகத்தில் சேம்பர்லாண்ட் செய்தார். பாக்டீரியா அதைத் தாண்டாது. 1892-இல் ரஷ்யாவில் இவானோவ்ஸ்கி, தேமல் விழுந்த புகையிலையின் சாற்றை அப்படிப்பட்ட கேண்டிலில் வடித்தார். தெளிந்து வந்த சாறும் நல்ல செடிக்கு நோயைக் கொடுத்தது. கேண்டிலில் ஓட்டை, அல்லது ஏதோ நஞ்சு என்று அவர் நினைத்தார். 1898-இல் பையெரிங்க், அந்தச் சாற்றை நீர்க்க நீர்க்கச் செய்தும் செடிக்குச் செடி வீரியம் குறையாமல் பெருகுவதைக் காட்டி, இது வடிகட்டிக்குச் சிக்காத உயிருள்ள திரவம் என்றார். அவர் வேலை பார்த்த ஊரும் டெல்ஃப்ட்! பல் அழுக்கு பார்த்தவரின் அதே ஊர். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அந்தப் புகையிலை வைரஸின் உருவம் தெரிய 1939 ஆயிற்று.

கேண்டிலைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நான் வைரஸ் என்றால் என்ன என்று சொல்லுவேன். கொஞ்சம் டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ., அதைச் சுற்றிப் புரத உறை, சிலவற்றில் மேலே கொழுப்புத் தோல். ரைபோசோம் கிடையாது, சாப்பாடு கிடையாது, தானாக இரண்டாகப் பிளவதும் கிடையாது. இன்னொரு செல்லுக்குள் புகுந்து, அதன் பட்டறையில் தன் பிரதிகளை அடித்துக்கொள்ளும். ஜலதோஷத்துக்கு மெடிக்கலில் கேட்காமலே ஆன்டிபயாடிக் கிழித்துத் தருகிறார்களே, எங்கள் தெருக்கோடிக் கடையில் எனக்கே தந்தார்கள், பென்சிலின் வகையறா உடைப்பது அந்தப் பெப்டிடோகிளைகன் வலையை. ஜலதோஷ வைரஸிடம் சுவரே இல்லை, எதை உடைப்பது? உங்கள் குடலில் சும்மா இருந்த பாக்டீரியாதான் அடி வாங்கும்.

வீட்டில் காட்டுவதற்கு நான் பிடித்திருக்கும் வைரஸ் வெண்டை மஞ்சள் நரம்புத் தேமல். 1924-லேயே பம்பாய் மாகாணத்தில் பதிவான நோய், இன்றைக்கும் தோட்டக்காரர்களின் தலைவலி. இலையில் நரம்பு மட்டும் மஞ்சள் கம்பி வலையாகத் தெரியும், நடுவில் பச்சைத் தீவுகள். முற்றினால் இலை முழுக்க மஞ்சள், காயும் வெளிறிக் கட்டையாகிவிடும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது.

இரண்டு தொட்டியில் வெண்டை விதை போடுங்கள். முளை வந்த அன்றைக்கே ஒரு தொட்டியைச் சுற்றி நாலு குச்சி நட்டு, பழைய மெல்லிய வேட்டியால் கூடாரம் கட்டுங்கள். கொசுவலை உதவாது, நோயைப் பரப்பும் வெள்ளை ஈ ஒரு மில்லிமீட்டர்தான், கண்ணி வழியே போய்விடும். வேட்டியின் அடி ஓரத்தை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். மற்றதைத் திறந்து விடுங்கள். பக்கத்தில் நோய்ச்செடி இருந்தால்தான் பரிசோதனை நடக்கும், அதனால் மஞ்சளாகிப் போன செடியைப் பிடுங்காமல் வைத்திருக்கும் வீடாகப் பார்த்து இடம் பிடியுங்கள். விடியற்காலையில், வெள்ளை ஈ சோம்பலாக இருக்கும் நேரம், இலையின் அடிப்பக்கத்தை மெதுவாகத் திருப்பி எண்ணுங்கள். அது நோய்ச்செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டு நல்ல செடியில் வந்து குத்தும்போது வைரஸும் இறங்குகிறது. ஒவ்வொரு இலைக் காம்பிலும் தேதி எழுதிய நூல் கட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் திறந்த செடியில் புதிதாக விரியும் இலைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். பழைய இலை பச்சையாகவே நிற்கும். வைரஸ் வளரும் குருத்தைத் தேடிப் போகிறது என்பதை அந்த நூல் வரிசை சொல்லும்.

பாக்டீரியாவையும் வைரஸ் பிடிக்கும். ஆக்ராவில் அரசாங்க ரசாயனப் பரிசோதகராக இருந்த ஹேன்கின், கங்கை யமுனைத் தண்ணீர் காலரா பாக்டீரியாவைக் கொல்கிறது என்று 1896-இல் எழுதினார். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. பாக்டீரியாவைத் தின்னும் வைரஸுக்கு 1917-இல் பாக்டீரியோஃபேஜ் என்று பெயர் வைத்தவர் தெரெல். பெரிய பால் பண்ணைகளில் ஒரே உறைவித்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் திடீரென்று ஒருநாள் பால் உறையாமல் நிற்பதற்கு இந்த வைரஸ்தான் காரணம் என்று 1935-இல் நியூசிலாந்தில் கண்டார்கள். உங்கள் வீட்டில் தயிர் உறையாவிட்டால் உடனே ஃபேஜ் என்று சொல்லிவிடாதீர்கள். என் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "பால் ஆறுறதுக்குள்ள உறை ஊத்துனீக, அதான்" என்று பதில் வந்தது.

இந்த வருஷத்துப் பரிசோதனையின் நிலவரம்: கல் உப்புப் பாட்டில் 19-ஆவது நாளில் கலங்கியிருக்கிறது, நிறம் இன்னும் வரவில்லை. திறந்த வெண்டையில் ஏழாவது இலை மஞ்சள் கம்பி கட்டிவிட்டது. மூடிய வெண்டை பச்சையாக நின்றுகொண்டிருந்தது, போன வாரம் பூனை உள்ளே போய்ப் படுக்க வேட்டியைக் கிழித்துவிட்டது. தைத்துவிட்டேன். இன்று காலை எண்ணியபோது உள்ளே மூன்று வெள்ளை ஈ.